இன்ஸ்டாலர் எழுதுகிறவர்களுக்கு மன்னார்குடியிலிருந்து ஒரு மடல்

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நிரல்களான இன்ஸ்டாலர்களை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் அரசு இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப்கள்தான் பாதி நாள் மேசையில் கிடக்கும். லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் இன்னும் நாலு வருஷம் ஓடும். அந்த வகையில் என் பிழைப்பில் உங்களுக்கும் பங்குண்டு. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும்.

உரக்கடைக்காரர் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமில்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டி, அதுவும் 500 ஜிபியில், போடச் சொன்னார். எஸ்எஸ்டியை யுஎஸ்பி டப்பாவில் மாட்டி, என் மேசை மெஷினிலேயே லினக்ஸ் ஏற்றிவிடுவது என் வழக்கம். லினக்ஸை நேரடியாக ஓட்டும் லைவ் பென்டிரைவில் இன்ஸ்டாலரைத் திறந்தேன். மாட்டிய டிஸ்க்குக்கு லினக்ஸ் தானாக ஒரு பெயர் வைக்கும்; எஸ்எஸ்டிக்கு எஸ்டிசி (sdc) என்ற பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பொத்தான்தான் பாக்கி.

அந்நேரம் பார்த்து போன். "தம்பி, பழைய டிஸ்க்குல மருமக சீமந்தப் படம் இருக்கான்னு பாரேன்." டப்பா ஒன்றுதான். எஸ்எஸ்டியைக் கழற்றிப் பழையதை மாட்டினேன். படங்கள் இருந்தன. அன்மவுண்ட் செய்துவிட்டு (அதாவது டிஸ்க்கை மூடிவிட்டு), டீக்குப் போய் வந்து, பொத்தானை அழுத்தினேன். டப்பா கரகரவென்று சத்தம் போட்டது. எஸ்எஸ்டி சத்தம் போடாதே! கேபிளைப் பிடுங்குவதற்குள் டிஸ்க்கின் பிரிவுகளைக் குறித்து வைத்திருக்கும் பார்ட்டிஷன் டேபிள் போய்விட்டது, ஃபார்மேட்டும் பாதி ஓடிவிட்டது. திரையில் அப்போதும் எஸ்எஸ்டியின் மாடல் பெயர்தான்.

மாற்றி மாட்டியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலியான எஸ்டிசி என்ற பெயர் அடுத்து வந்த டிஸ்க்குக்குப் போகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்கள் இன்ஸ்டாலர் தொடக்கத்தில் ஒரு தடவை டிஸ்க் பட்டியலைப் படித்ததோடு சரி, அதையே கடைசிவரை நம்பியது. நடுவில் ஒன்று போய் இன்னொன்று வந்ததை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அறிவிக்கத்தான் செய்தது. கேட்க ஆளில்லை.

எங்கள் ஊர்ப் பாசனத்தைப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, பாமணி வழியாகக் கடைமடைக்கு வர நாளாகும். காலையில் குறித்த நீர்மட்டம் நோட்டில் இருந்தாலும், மதகு ஷட்டரைத் தூக்கும் முன் பாசன ஊழியரான லஸ்கர் அளவுகோலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அந்த எட்டிப் பார்த்தலைத்தான் கேட்கிறேன்.

சீரியல் எண்ணை ஒப்பிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மலிவான டப்பாக்கள் பல, உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எண்ணை மறைத்துத் தங்கள் எண்ணையே சொல்லும். என் டப்பாவில் இரண்டு டிஸ்க்கும் ஒரே எண். அளவும் ஒன்று. ஆனால் 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து டிஸ்க்சீக் (diskseq) என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு முறை டிஸ்க் வந்து சேரும்போதும் புது எண், பழையது திரும்ப வராது. பட்டியல் எடுக்கும்போது அதைக் குறித்துக்கொண்டு, எழுதத் தொடங்கும் முன் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பென்டிரைவில் இருக்கும் பழைய பேக்கேஜ் பட்டியலை வைத்துக்கொண்டு, சர்வரில் எப்போதோ நீக்கிய கோப்பைத் தேடி 'அப்படி ஒன்று இல்லை' என்ற 404 பிழையை வாங்குவதும் இதே வியாதிதான். அதில் நேரம்தான் போகும், அதனால் அதை விடுகிறேன்.

அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் நிரலை ஓட்டியதில் படங்கள் பெரும்பாலும் கிடைத்தன. கோப்புப் பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் எஃப் போட்டு ஏதோ எண். சீமந்தம் எது, காதுகுத்து எது என்று உரக்கடைக்காரர் இரண்டு சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து பிரித்தார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது டப்பா வாங்கிவிட்டேன். திருத்திய பதிப்பு வந்தால் சொல்லுங்கள், டிஸ்க்கை மாற்றி மாற்றி மாட்டிச் சோதித்துச் சொல்கிறேன். இங்கே பழைய டிஸ்க்குக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
மன்னார்குடி ரிப்பேர் கடைக்காரன்