நீராவி மர அறுவைக் கொட்டகையை ஏலம் விடாமல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுப்படகு கட்டும் தச்சர்கள், மர அறுவைத் தொழிலாளர்கள், பாய்லர் வேலை தெரிந்தவர்கள்,
இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: பழைய நீராவி மர அறுவைக் கொட்டகை – ஏலத்தை நிறுத்துதல், பாதுகாப்பாகப் பார்வையிட ஏற்பாடு செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர்க் கடற்கரையில் புறம்போக்கு நிலத்தில் நிற்கும் கொட்டகையில் பாய்லர், ஒற்றைச் சிலிண்டர் நீராவி இன்ஜின், 48 அங்குல வட்ட ரம்பம், தடி ஏற்றும் தள்ளுவண்டி, அது ஓடும் தண்டவாளம் எல்லாம் பொருத்திய இடத்திலேயே இருக்கின்றன. இவற்றை எடைக்கு எடை ஏலம் விடப் பேச்சு நடக்கிறது. எண்ணெய்க் கிண்ணங்கள் உள்ளிட்ட பித்தளைச் சாமான்கள் ஏற்கெனவே காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சத்தையாவது காப்பாற்றித் தர வேண்டுகிறோம்.

இன்ஜினை மட்டும் பெயர்த்து ஒரு பூங்காவில் வைத்தால் பயனில்லை. இங்கே விசை போகும் வழி முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்ஜினின் பெரிய சக்கரம் 60 அங்குல விட்டம், பெல்ட்டால் அது சுற்றும் ரம்பத் தண்டின் புல்லி 12 அங்குலம். சக்கரம் நிமிடத்துக்கு 150 சுற்று சுற்றினால் ரம்பம் 750 சுற்று சுற்றும். பல்முனை நொடிக்குச் சுமார் 48 மீட்டர் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் நாடா பிடித்து அளந்து, தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. படகின் ஏராவுக்கும் (அடிமரம்) பலகைக்கும் தடி அறுத்தபின் மிஞ்சும் புறக்கட்டையும் மரத்தூளுமே அடுப்புக்கு விறகு. தண்ணீருக்குத்தான் பாடு. கடலோரக் கிணற்று நீரை ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் தகட்டில் பொருக்காகப் படியும்; தகட்டின் சூடு தண்ணீருக்கு இறங்காது; தகடு பழுத்து இளகிப் புடைத்துவிடும். அதனால்தான் பாய்லருக்கு ஊருணி நீர் வேண்டும். பாய்லருக்குள் தீ எரியும் அறையின் மேல்தகட்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு வெண்கலத் திருகு இருக்கிறது, அதன் நடுத்துளையில் ஈயம் வார்த்திருக்கும். நீர்மட்டம் அந்தத் தகட்டுக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, அந்தத் துளை வழியாக நீராவி தீயின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அந்தத் திருகு இன்னும் பத்திரமாக இருக்கிறது.

பாய்லரில் யாரும் தீ மூட்டக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். தகட்டில் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, நீரழுத்தச் சோதனை செய்து, கொதிகலன் சட்டப்படி சான்று பெறாமல் நீராவி ஏற்றுவது உயிருக்கு ஆபத்து, குற்றமும் ஆகும். இன்ஜினைக் கையால் சுற்றிக் காட்டினாலே போதும். பெல்ட்டைக் கழற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, வடிகால் குழாய்களைத் திறந்துவைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். இறுகிப் பிடித்தால் கடப்பாரையால் நெம்பக் கூடாது. பிஸ்டனின் வார்ப்பிரும்பு வளையங்கள் உடைந்துவிடும். கச்சான் காற்றில் வரும் மணல் பழைய கிரீஸில் ஒட்டி அரம்போல் தேய்க்கும், ஆகவே மண்ணெண்ணெயால் துடைத்த பிறகே சுற்ற வேண்டும்.

பாய்லரின் ஆள்துளை (ஆள் உள்ளே இறங்கும் துளை) இப்போது திறந்தே கிடக்கிறது. இதை இந்த வாரமே கவனிக்க வேண்டும் ஐயா. உட்புறத் துரு காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே இறங்கினால் சத்தமில்லாமல் மயங்கிவிடும். உடனே இரும்பு வலை போட்டுப் பூட்ட வேண்டும். பாய்லரைச் சுற்றியுள்ள வெள்ளைப் பஞ்சுப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதித்துத் தெரியும்வரை அதைச் சுரண்டவோ பெருக்கவோ யாரையும் விடக் கூடாது.

துருவின்மேல் நேராகச் சில்வர் பெயின்ட் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்து, ஒரு வாடைக்காலத்துக்குள் கொப்புளம் கிளப்பிவிடும். மாசி, பங்குனியில் கம்பி பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வெயிலில் உலர்த்தி, இரவு உப்புக்காற்று படுவதற்குள் அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். பாய்லரின் உட்புறத்தில் ஈரத்தை உறிஞ்ச ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தட்டில் வைத்தால் போதும். நீர்க்கும்போது ஊதும் என்பதால் தட்டில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வலைக்கு உட்புறமாகக் காற்றுப் புகாத மூடி போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பொடியானதை மாற்ற வேண்டும்.

பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. இந்த இடம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது. இருக்கும் கூரையைப் பழுதுபார்த்து, ரம்பத்தின் பல்லை மர உறையால் மூடி, இடுப்பளவுக்குக் கம்பித் தடுப்பு போட்டால் போதும். ஒரு தடவைக்குப் பத்துப் பேர், உடன் தொழில் தெரிந்த ஒருவர், வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கலாம். அந்தமானில் சாத்தம் தீவில் 1883-ல் தொடங்கிய மர அறுவை ஆலை இன்று சுற்றுலாப் பயணிகள் தேடிப்போய்ப் பார்க்கும் இடம். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தில் தலைமுறை தலைமுறையாகத் துருவோடு மல்லுக்கட்டிய இந்த மாவட்டத்துக்கு ஒரு கொட்டகையைக் காப்பது புதிய வேலையல்ல.

எனவே ஏலத்தை உடனே நிறுத்திவைத்து, தொல்லியல் துறை, கொதிகலன் இயக்ககம், வருவாய்த் துறை அலுவலர்களை ஒரே நாளில் இடத்துக்கு அனுப்பிப் பார்வையிட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அன்று ஒவ்வொரு உறுப்பையும் காட்டி விளக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்.

இணைப்பு: உறுப்புகளின் அளவுப் பட்டியல், இடத்தின் கை வரைபடம்.