மேசை விளக்கை அணைக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டுப்பாடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்தான். காரணம் கேட்டதற்கு, "மின்தட்டுப்பாடு தீரும்வரை எட்டு மணிக்கு மேல் விளக்கு கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார், ஐயா" என்றான். அவன் காலையில் எதில் குளித்தான் என்று விசாரித்தேன். வெந்நீரில்தானாம்.

அந்த அப்பாவை நான் குறை சொல்லவில்லை. எரிகிற விளக்கு கண்ணில் படுகிறது. சுடுகிற தண்ணீரின் செலவு கண்ணில் படுவதில்லை. 2010-இல் அமெரிக்காவில் 505 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எரிசக்தியை மிச்சப்படுத்த நீங்கள் செய்யக்கூடியதில் எது அதிகம் பலன் தரும் என்று கேட்டபோது, மற்ற பதில்களைவிட அதிகம் பேர் சொன்னது விளக்கை அணைப்பதைத்தான்.

அன்றே எட்டாம் வகுப்பில் இதைக் கணக்காகப் போட்டோம். 9 வாட் எல்.இ.டி. பல்பு 3 மணி நேரம் எரிந்தால் 27 வாட்-மணி செலவாகும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அதே அளவைத் தீர்க்க எவ்வளவு நேரம்? கரும்பலகையில் 49 விநாடி என்று வந்தது. கணக்குப் போட்ட மாணவி நம்பாமல் அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். அதே 49.

இன்னொன்றும் கவனித்தேன். மின்சிக்கனம் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது, பலரும் தங்கள் வீட்டில் சிக்கனமாக இருப்பதாகவும் பக்கத்து வீட்டில் யாருக்கும் அக்கறையில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களில் இருவர் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்! 2008-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு ஒன்றும் இதைத் தொட்டுப் பேசுகிறது. சிக்கனம் செய்வதற்கான காரணங்களில் அக்கம்பக்கத்தாரும் செய்கிறார்கள் என்பதைத்தான் மக்கள் கடைசியாக வைத்தார்கள். ஆனால் அவர்கள் செய்வதாகச் சொன்ன சிக்கனத்தோடு மற்றக் காரணங்களைவிட நெருக்கமாகப் பொருந்திப்போனது, அக்கம்பக்கத்தார் மிச்சப்படுத்துகிறார்கள் என்ற நினைப்புதான்.

உபதேசம் செய்கிற தகுதி எனக்கும் குறைவு. என் அறையில் ஏ.சி. ஓடும்போது கதவு திறந்தே கிடப்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுட்டிக்காட்டியது. இப்போது அந்த ஏ.சி. ஓடுவதில்லை, கோப்புகள்தான் மின்விசிறிக் காற்றில் பறக்கின்றன.

ஆகவே கேட்பது இதுதான். பிள்ளைகள் படிக்கும் மேசை விளக்கை அணைக்காதீர்கள். முதியவர்களும் நோயாளிகளும் இருக்கும் அறையின் மின்விசிறியிலும் கை வைக்க வேண்டாம். வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை, தேவை மிகுந்திருக்கும் மாலை நேரத்தில் மட்டும் பயன்படுத்தாமல் தள்ளிவையுங்கள். நாங்களும் தட்டுப்பாடு தீரும்வரை கணினி தேவைப்படும் வீட்டுப்பாடம் தருவதை நிறுத்திவைக்கிறோம்.

இந்த வாரம் ஏழு நாளும் மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் மீட்டரில் உள்ள எண்ணைப் பிள்ளைகள் நோட்டில் குறித்துவர வேண்டும். மீட்டர் உயரத்தில் இருந்தால் நீங்கள் படித்துச் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். பெட்டியைத் தொட விடாதீர்கள். எண் கூடியிருந்தாலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள், இதற்கு மதிப்பெண் கிடையாது. நோட்டை அடுத்த திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்