மாதிரி விமானக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கை, ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களை இயக்கக் கற்க வந்த புதியவர்களைப் பற்றியே பெரிதும் அமைகிறது.

இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருந்தி, அதன் இரு முனைகளும் சற்றே உயர்ந்திருக்கும் பயிற்சி விமானத்தில்தான் புதியவர்கள் அனைவரையும் தொடங்கச் செய்தோம். போர் விமான மாதிரியைக் கையோடு கொண்டுவந்தவர்களுக்கு இது ஏமாற்றம் அளித்திருக்கலாம். ஆயினும், டிரான்ஸ்மிட்டரின் (கையில் வைத்து இயக்கும் கருவியின்) ஸ்டிக்கை நடுநிலைக்கு விட்டதும் தானே நிமிர முயலும் விமானமே கற்பவருக்கு யோசிக்க அவகாசம் தரும் என்பதில் செயற்குழு உறுதியாக நின்றது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது, விமானம் நம்மை நோக்கித் திரும்பும்போதுதான். அப்போது வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால், விமானம் நம் பார்வைக்கு இடப்பக்கம் சாய்கிறது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும் என்பதை நம் பயிற்றுநர்கள் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்துப் பழக்கும் முறையில், பயிற்றுநர் சுவிட்சை விட்ட கணமே கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். ஒருமுறை விமானம் மூக்கைக் கவிழ்த்துச் சரிந்தபோது, பயிற்றுநர் அதை நிமிர்த்தி உயரத்துக்குக் கொண்டுபோய், "தம்பி, இப்ப உங்ககிட்ட" என்று குரல் உயர்த்தாமல் திருப்பிக் கொடுத்ததைப் பலரும் பார்த்தோம். கற்பித்தலின் தரம் அந்த நிதானத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தரையிறக்கத்தில், ஓடுபாதை எட்டாது என்ற பதற்றத்தில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) இழுத்து, வேகம் குறைந்து, விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, விழுவதே வழக்கமான விபத்து. இதைத் தவிர்க்க, போதிய உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கி மீளப் பழகிய பிறகே தனியே பறக்க அனுமதித்தோம்.

பறப்பதற்கு முந்தைய சோதனையைத் தளர்த்தக் கூடாது. பழுதுபார்த்து வந்த ஒரு விமானத்தில் சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) இணைப்புகள் இடம் மாறியிருந்ததால், ஸ்டிக்கை வலம் தள்ளியபோது உயர வேண்டிய வலப்புற ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) தாழ்ந்தது. தரையிலேயே அது தெரிந்ததால் விமானம் தப்பியது. சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் இனி ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். லித்தியம் பாலிமர் பேட்டரியை ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. சார்ஜ் ஆகும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு, எந்த அலைவரிசையை யார் பயன்படுத்துகிறார் என்று காட்டும் அலைவரிசைப் பலகை தேவையில்லை. ஆனால் ஒரே அலைவரிசையில் இயங்கும் பழைய கிரிஸ்டல் கருவி வைத்திருப்பவர்கள் தங்கள் அடையாள வில்லையை அதில் மாட்டிய பிறகே கருவியை இயக்க வேண்டும்.

கற்க விரும்புவோர் காத்திருக்கிறார்கள், கற்பிப்போர் போதவில்லை. எனவே, தனியே பறக்கும் தகுதி பெற்ற மூத்த உறுப்பினர்கள் முறைவைத்துப் பயிற்றுநர் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்