ஹாட் டப் குடில்கள்: கட்டுரையில் விடுபட்ட பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேல்ஸ் கடற்கரைக் கிராமங்களில் ஹாட் டப் என்னும் குமிழிபொங்கும் வெந்நீர்த் தொட்டியோடு கிடைக்கும் விடுமுறைக் குடில்களைப் பற்றிச் சென்ற இதழின் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடலைப் பார்த்தபடி வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் சுகத்தை அழகாக எழுதியிருந்தார்கள். நான் வட வேல்ஸில், லீன் தீபகற்பத்தில் குடும்பத்தோடு வசிக்கிறேன். கணவருக்கு பாங்கோர் மருத்துவமனையில் வேலை. எனக்குச் சனிக்கிழமைதோறும் இதே மாதிரிக் குடில்களைச் சுத்தம் செய்து அடுத்த விருந்தினருக்குத் தயார்படுத்தும் வேலை. கட்டுரையாளர் பார்க்க வாய்ப்பில்லாத சில விஷயங்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். அவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் தொட்டி. காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் கிளம்பும், மாலை 4 மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும். நடுவில் உள்ள நேரத்தில் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் முடித்து ஹாட் டப்பையும் பார்க்க வேண்டும். ஆறு பேர் உட்காரும் தொட்டி என்றால் 1,000 முதல் 1,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதைப் பம்ப் வைத்து வெளியேற்றி, ஃபில்டரைக் கழற்றி அலசி, சன் க்ரீமும் உடம்பு எண்ணெயும் சேர்ந்து உள்விளிம்பில் படிந்திருக்கும் பழுப்பு வளையத்தைத் தேய்த்து எடுத்து, மறுபடி நிரப்பி, குளோரின் போட்டு, சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருமுன் தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும் என்பதுதான் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டல்.

சரி, மாற்றியாயிற்று. இங்கே குழாயில் வருவது ஏறக்குறைய 10 டிகிரித் தண்ணீர். 3 கிலோவாட் ஹீட்டர் 1,200 லிட்டரை மணிக்கு 2 டிகிரி அளவுக்குத்தான் ஏற்றும். 38 டிகிரியைத் தொட 13, 14 மணி நேரம் ஆகிவிடும். ஆனால் 4 மணிக்கு வருகிறவர்கள் பெட்டியை இறக்கும் முன்பே ஓடிப்போய்த் தொட்டியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆறிப்போய் இருந்தால் அன்று இரவே இணையத்தில் புகார் ஏறிவிடும். அந்தப் பயத்தில், பழைய தண்ணீரிலேயே கொஞ்சம் அதிகமாகக் குளோரின் போட்டுவிடு என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. என்னிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார். முடியாது என்றேன், அந்த வேலை போனது.

இது சின்ன விஷயம் இல்லை. நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் நன்றாகப் பெருகும். பொங்கும் குமிழிகளிலிருந்து கிளம்பும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து பரவிய கிருமி 30-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அவர்கள் தொட்டியில் இறங்கிக் குளித்தவர்கள்கூட இல்லை, அந்தப் பக்கமாக நடந்து போனவர்கள். ஆகவே வந்து இறங்கிய மாலையில் தண்ணீர் முழுச் சூட்டில் இல்லை என்றால் கோபப்படாதீர்கள், ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுடச்சுட இருந்தால் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அப்புறம், என்னை அதைவிடவும் வருத்துவது வீடுகளின் கதை. முன்பெல்லாம் இந்தக் கடற்கரையில் சீசன் என்றால் ஈஸ்டரிலிருந்து செப்டம்பர் வரைதான் என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் சொல்வார்கள். குளிர்காலத்தில், காற்றும் மழையுமாக இருக்கும்போது யார் வருவார்கள்? ஹாட் டப் அதை மாற்றிவிட்டது. ஜனவரியிலும் வார இறுதிக்கு ஆள் வருகிறது. வேல்ஸ் அரசின் விதியும் இதற்கு ஒரு தூண்டுதல் ஆகிவிட்டது என்பது என் எண்ணம். 2023 ஏப்ரலுக்கு முன்பு, ஆண்டுக்கு 70 நாள் வாடகைக்குப் போனாலே ஒரு வீட்டை வீட்டு வரி இல்லாத வணிகக் கணக்கில் காட்டலாம். இப்போது 182 நாள் போக வேண்டும், 252 நாள் வாடகைக்குத் திறந்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாம் வீடு என்று கணக்காகி, இங்கே குவினெத் உள்ளாட்சியில் வழக்கமான வீட்டு வரிக்கு மேலே இன்னொரு 150 சதவீதம் கட்ட வேண்டும். சும்மா பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஊர்க்காரர்களுக்குத் திரும்பட்டும் என்று போட்ட விதி அது, அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் 182 இரவுகளை எப்படி நிரப்புவது என்று யோசித்த பலருக்குக் கிடைத்த விடை, பின்கட்டில் ஒரு ஹாட் டப்.

கட்டுரையில் ‘பழைய மீனவர் வீடுகள்’ என்று ஆசையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். இரண்டு படுக்கையறை, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒரு இளம் ஜோடி முதல் வீடாக வாங்கக் கூடியவை இவைதான். துணி காயப்போட்ட, உருளைக்கிழங்கு போட்ட அந்தச் சின்னப் பின்கட்டில்தான் இப்போது தொட்டி உட்கார்ந்திருக்கிறது. வாசலில் எண்பூட்டு வைத்த சாவிப்பெட்டி தொங்கினால் அங்கே ஊர்க்காரர் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். நான் வேலைக்குப் போகும் தெருவில் சாவிப்பெட்டி இல்லாத கதவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் நள்ளிரவு வரை மோட்டார் சத்தமும் சிரிப்பும். திங்கட்கிழமை போய்ச் சொல்லலாம் என்றால் அதற்குள் ஆட்கள் மாறியிருப்பார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு வெல்ஷ் பெண் இந்தக் கிராமத்திலேயே பிறந்தவர். இங்கே வீடு கிடைக்காமல் புல்ஹெலியில் வாடகைக்கு இருந்துகொண்டு, தன் பாட்டி வாழ்ந்த தெருவுக்கு வந்து அடுத்தவர்களுக்குப் படுக்கை விரிக்கிறார். அவருடைய பிள்ளைகள் வெல்ஷ் மொழியில்தான் சண்டை போடுவார்கள், வெல்ஷ் மொழியில்தான் சமாதானமாவார்கள். 2021 கணக்கெடுப்பின்படி குவினெத்தில் 64 சதவீதம் பேர் வெல்ஷ் பேசுகிறார்கள், வேல்ஸ் முழுக்க எடுத்தால் 17.8 சதவீதம்தான். அந்த மொழி கடைத்தெருவில் பேசப்படும் கடைசி இடங்களில் ஒன்று இந்தத் தீபகற்பம். இங்கிருந்து இளம் குடும்பங்கள் வெளியேறினால் என்ன ஆகும் என்பதை அபர்சோக்கில் பார்த்துவிட்டோம். படகு, கடற்கரை என்று பணம் புழங்கும் ஊர், ஆனால் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாமல் 2021 முடிவில் அங்கே தொடக்கப்பள்ளியை மூடினார்கள்.

இந்தக் கோபம் நேற்று வந்ததில்லை. 1979 டிசம்பரில் லீன் பகுதியிலும் பெம்புரோக்‌ஷயரிலும் ஆளில்லாத விடுமுறை வீடுகளுக்குத் தீ வைக்கத் தொடங்கி, பத்தாண்டுக்கும் மேல் 200-க்கும் அதிகமான சொத்துகள் எரிந்தன. அந்த வழியை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். இன்று நெவினிலும் மற்ற ஊர்களிலும் மக்கள் பதாகை பிடித்து நடக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், அது சரியான வழி. அதன் பலனாகத்தான் குடியிருக்கும் வீட்டை விடுமுறை வீடாக மாற்றத் திட்ட அனுமதி வேண்டும் என்ற விதியை, வேல்ஸிலேயே முதலாவதாக, குவினெத் 2024 செப்டம்பர் 1 முதல் கொண்டுவந்தது. அதை எதிர்த்து நீதிமன்றமும் போனார்கள். எப்படியானாலும் ஏற்கெனவே மாறிப்போன வீடுகளுக்கு அது பொருந்தவில்லை.

என் சம்பளமும் இந்தக் குடில்களிலிருந்துதான் வருகிறது. விருந்தினர் வரவில்லை என்றால் இங்குள்ள கடை, உணவகம் எதுவும் குளிர்காலத்தைத் தாண்டாது. அதனால் வராதீர்கள் என்று நான் சொல்லவில்லை, வாருங்கள். வரும்போது எந்த வீட்டில் தங்குகிறோம் என்று மட்டும் பாருங்கள். ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் தங்கள் பழைய தொழுவத்தையும் களஞ்சியத்தையும் குடிலாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். யாரையும் தெருவிலிருந்து கிளப்பாத இடங்கள் அவை, சிலவற்றில் ஹாட் டப்பும் உண்டு, பக்கத்துச் சுவர் கிடையாது. முன்பதிவு செய்யுமுன் உரிமையாளர் அங்கேயே வசிக்கிறாரா, இது முன்பு யாரோ குடியிருந்த வீடா என்று கேட்டால் நேர்மையானவர்கள் பதில் சொல்வார்கள். 2027 முதல், விரும்பும் உள்ளாட்சிகள் குடில்களில் தங்குவோரிடம் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1.30 பவுண்டு வசூலிக்க வேல்ஸ் சட்டம் அனுமதித்திருக்கிறது. கேட்டால் மனமுவந்து கொடுங்கள்.

உங்கள் பயணப் பக்கத்தில் அடுத்த முறை வேல்ஸ் வரும்போது, இந்தக் கேள்விகளை முன்பதிவு எண்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விவரம் ஏதும் தேவைப்பட்டால் உங்கள் கட்டுரையாளருக்கு எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லீன் தீபகற்பம், வட வேல்ஸ்