மழை இறங்க இடம் விடுங்கள்

யாழ்ப்பாண மாநகர முதல்வருக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போரில் இடிந்து வெறுஞ்சுவராய்க் கிடந்த நகரத்தில் மாடிகள் எழும்புவது எனக்கும் சந்தோசம்தான். ஆனால் கட்டடத்தோடு சேர்த்து, மிச்சமிருக்கும் வளவையும் சீமெந்தால் மூடிவிடுகிறோமே, அதுதான் பயமாயிருக்கிறது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் மழை சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நம் கிணறுகளில் ஊறுவது அதுதான். இறங்குவது குறைந்து, மோட்டரால் இறைப்பது கூடினால் கீழிருந்து உப்பு ஏறும்.

எங்கள் ஒழுங்கையில் மணல் முற்றமாயிருந்த ஒரு வளவு இப்போது மதிலோரம்வரை இன்டர்லாக் கல். பெருமழைக்கு அங்கிருந்து வழியும் தண்ணீர் கேற்றுக்குக் கீழால் வந்து, எதிர்வீட்டு ஆச்சியின் கிணற்றுக்கட்டைச் சுற்றி நிற்கும். பக்கத்திலேயே மலக்குழி. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவார். அதுவரை குடிக்கத் தண்ணீர் வாங்குவார். ஆவணியில் அதே கிணறு உவர்க்கிறது, தேத்தண்ணியை வாயில் வைக்க ஏலாது. கல் பதித்தவரை நான் குறைசொல்ல மாட்டேன். சேறில்லாத முற்றம் யாருக்குத்தான் பிடிக்காது? மழைக்கு எங்கே இடம் விட்டிருக்கிறாய் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லையே.

நீங்கள் கேட்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் மழைநீர் சேகரிப்புக்காக 2007இலேயே திருத்தப்பட்டது. அனுமதிக்கு வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் கூரைத் தண்ணீர் போய்ச் சேரும் குழியையும், மூடாமல் விடும் மண்ணையும், அயல் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தையும் காட்டச் சொல்லுங்கள். கட்டி முடிந்தபின் ஒருதரம் நேரில் வந்து பாருங்கள். பல மாடி விடுதியின் மலக்குழிக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் இருப்பது வெடிப்பு விழுந்த அதே சுண்ணக்கல்தான்.

குளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் ஆரியகுளம் புதுப்பிக்கப்பட்டது நல்ல காரியம். புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் என்று மற்றவற்றையும் கவனிக்கும்போது, நடைபாதைக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள். தண்ணீர் வந்து சேராவிட்டால் குளத்தை அழகாக்கி என்ன பயன்?

எந்த வாய்க்கால் எங்கே தொடங்கி எந்தக் குளத்தில் விழுகிறது, எங்கே மதில் மறிக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு, இந்த மாரிக்கு முன்னர் சனம் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். எங்கள் பக்கத்து வாய்க்காலைத் துப்புரவாக்கும் நாளைச் சொன்னால் மண்வெட்டியோடு நாங்களும் வருவோம்.

இப்படிக்கு,
நல்லூர்வாசி ஒருவர்