யாரை ஒரு ஆளாக எண்ணுகிறோம்? ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சமூக அறிவியல் ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மாதிரி அளவு எப்படி வந்தது, எந்த அளவுகோல், வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா எவ்வளவு என்றெல்லாம் ஆய்வாளரைக் கேட்கிறீர்கள். பதில் சொல்லப்போகிறவரை எப்படிப்பட்ட ஆளாக அந்த ஆய்வு நினைத்திருக்கிறது என்றும் கேளுங்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசன்பெர்க்கின் சுயமதிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து உருவாகி 1965இல் வெளிவந்தது. பத்து வாக்கியங்கள், அவற்றில் ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் பதில். மொத்தம் 10 முதல் 40 வரை. ஒருவர் மற்றவர்களிடமிருந்து விலகி நின்று தன்னை எடைபோடுவார், அந்த எடையை முன்பின் தெரியாதவரிடமும் சொல்வார் என்ற நம்பிக்கையின் மேல்தான் இது நிற்கிறது. தன்னைத் தானே உயர்த்திப் பேசக் கூசுகிறவரிடம், அதுவும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இதை வாசித்துக் காட்டினால் கிடைப்பது சுயமதிப்பின் அளவா, அடக்கத்தின் அளவா? தன் மேல் இன்னும் மரியாதை இருந்தால் நன்றாயிருக்கும் என்ற பொருளில் வரும் எட்டாவது வாக்கியத்துக்கு ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும். இன்னும் மேம்பட வேண்டும் என்று நினைக்கிறவரும் அதற்கு ஒப்புக்கொள்வாரே! 53 நாடுகளின் தரவை ஒப்பிட்டு ஷ்மிட், அல்லிக் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்விலும், எதிர்மறை வாக்கியங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளப்படவில்லை என்று தெரிந்தது.

இதைவிட மோசமான சிக்கல் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. கேள்வி கேட்க வந்தவரின் மனம் நோகக் கூடாதென்று பத்துக்கும் 'ஆமாம்' சொல்கிறவர்கள் உண்டு. நடுப்படிகளான 'ஆமாம்' என்பதற்கு 3, 'இல்லை' என்பதற்கு 2 என்று வைத்து, எதிர்மறை வாக்கியங்களுக்கு அதைத் திருப்பிக் கணக்கிட்டால் நேர்மறையில் 15, எதிர்மறையில் 10, மொத்தம் 25. பத்துக்கும் 'இல்லை' என்றாலும் அதே 25. அட்டவணையில் இவர்கள் 'நடுத்தரச் சுயமதிப்பு' உள்ளவர்களாகிவிடுகிறார்கள். இத்தகையோர் பலர் இருந்தால் ஆல்ஃபா சரியும். அதைத் தூக்கி நிறுத்த எதிர்மறை வாக்கியங்களை நீக்கிவிடுவார்கள். நீக்கியதும் தலையாட்டல் முழுவதும் சுயமதிப்பாக மாறிவிடும். ஆகவே, திருப்பிக் கணக்கிடும் முன்பே பத்துக்கும் ஒரே பதில் தந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறார் என்றால், வாக்கியங்கள் இரு குழுக்களிலும் ஒரே பொருளில், ஒரே அளவில் இயங்குகின்றன என்பதற்கான சோதனையையும் கேளுங்கள். அது இல்லாத ஒப்பீட்டுக்குப் பொருள் இல்லை.

குடும்பக் கணக்கெடுப்பிலும் இதே முன்முடிவு உண்டு. உங்கள் மருத்துவத்தைப் பற்றி யார் முடிவெடுக்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு மணமான பெண்களைக் கேட்கிறது. நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா, வேறு யாராவதா என்பவை பதில்கள். முடிவு என்பது ஓர் ஆளின் கையில் முழுசாக இருக்கும் பொருள் என்று இக்கேள்வி எடுத்துக்கொள்கிறது. வீட்டில் நடப்பது வேறு. காய்ச்சலை முதலில் கவனிப்பவர் ஒருவர், பணம் தருபவர் இன்னொருவர், கூடப் போகிறவர் மற்றொருவர். வேண்டாம் என்று நிறுத்தும் உரிமை யாரிடமோ. 'வழக்கமாக' என்று கேட்காமல், கடைசியாக மருத்துவமனைக்குப் போன ஒரு தடவையை எடுத்து, யார் பேச்சைத் தொடங்கினார், யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, யார் பணம், யார் மறுத்திருந்தால் நின்றுபோயிருக்கும் என்று நான்காகப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரையும் தனித்தனியே கேட்டுப் பதில்கள் முரண்பட்டால் அதைத் தரவுப் பிழை என்று அழிக்கக் கூடாது. அந்த முரணைக் காணத்தான் இருவரையும் கேட்கிறோம்.

யார் உடனிருந்தார்கள் என்பதை ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் குறிக்க வேண்டும். நேர்காணல் தொடங்கியபோது தனியாக இருந்தவர் பாதியில் தனியாக இருப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, 'இந்தியர்கள் கூட்டுமனம் கொண்டவர்கள், ஆகவே குடும்பத் தலைவரைக் கேட்டால் போதும்' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எங்களுக்கு அதிகக் கவலை தருவது அந்த முடிவுதான். தமிழ்க் கிராமத்தில் ஆளுக்கும் அவர் ஊரின் மண்ணுக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி மானிடவியலாளர் வேலன்டைன் டேனியல் 1984இல் விரிவாக எழுதினார். தமிழரிடம் அழுத்தமான தனித்துவம் உண்டு என்று இன்னொரு மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் 1994இல் வாதிட்டார். இரண்டுக்கும் இங்கே இடம் உண்டு. உளவியலாளர் கசின்ஸ் 1989இல் காட்டியதும் இதற்குப் பொருந்தும். 'நான் யார்?' என்று பொதுவாகக் கேட்டபோது, குணங்களைச் சொல்லித் தங்களை விவரித்தவர்கள் ஜப்பானிய மாணவரைவிட அமெரிக்க மாணவரிடையே அதிகம். வீட்டில், நண்பர்களோடு என்று இடம் குறித்துக் கேட்டதும் அது தலைகீழானது. கேள்வியின் வடிவமே ஒரு மக்களின் இயல்பாகப் பதிவாகிவிடக்கூடும்.

ஆய்வில் பங்கேற்க வாங்கும் ஒப்புதலிலும் இப்படித்தான். ஊர்த் தலைவரின் அனுமதி தனிநபர் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. குடும்பத்தோடு கலந்து பேச நேரம் கொடுங்கள். பிறகு தனியே கேளுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டியதும் கையெழுத்து வாங்காமல், என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். மறுக்க நினைப்பவருக்குக் காரணம் சொல்லாமல் விலகும் வழி இருக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் 'வேண்டாம்' என்பது மருமகளுக்கு எளிதல்ல.

ஆய்வாளர் உங்களுக்குத் தரும் திட்டப் படிவத்தில் ஒரு பக்கம் சேர்க்கக் கோருகிறோம். பதிலளிப்பவர் தன்னைத் தனியாகவா, யாரோடு சேர்த்தா எண்ணிப் பதில் சொல்வார் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கிறார், அதை முன்னோட்டத்தில் எப்படிச் சோதித்தார், எந்தக் கேள்விகளை அதனால் மாற்றினார் அல்லது கைவிட்டார் என்று அதில் எழுதட்டும். முன்னோட்டத்தில் பத்துப் பதினைந்து பேரிடமாவது, ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு, 'இதைச் சொல்லும்போது யாரை நினைத்தீர்கள்?' என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக வந்தால், களத்துக்கு அனுப்பும் முன் திட்டத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கேள்வித்தாள் வடிவமைப்பிலும் களஆய்விலும் பணியாற்றுவோர்