கமரா பூட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கமெல்லாம் இப்போது வீட்டுக்கு வீடு கமரா பூட்டுகிறார்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்பிச் செய்விப்பவை. தாய் தகப்பன் தனியே இருக்கிறார்கள், டொரன்டோவில் இருக்கும் மகள் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை வீட்டு முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கமரா. கள்வனைப் பிடிப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். ஆனால் அந்த முதல் வேலையைத்தான் பல வீட்டுக் கமராக்கள் செய்வதில்லை. வீட்டு ரி.வி.யில் படம் நன்றாக ஓடும், ரெக்கோர்டிங்கும் நடக்கும். அங்கே மகளின் கைபேசியிலோ வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் ‘ஓஃப்லைன்’ என்று வரும்.

நான் உப்புவெளியில் ரேடியோ, ரி.வி. திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கமரா விற்பதில்லை, பூட்டுவதும் இல்லை. ஆனாலும் கமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “பெட்டி பழுதாம் தம்பி, பாருங்கோ” என்று வயதானவர்கள் வெயிலில் நடந்து வருகிறார்கள். திறந்து பார்த்தால் பெட்டியில் ஒரு குறையும் இருக்காது. புதுப் பெட்டி வாங்கச் சொல்லி அவர்களை அனுப்பியவர் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

உவர்மலையில் ஒரு அம்மாவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய தொலைபேசி லைனை விட்டுவிட்டு, வீட்டுக்கு இணையம் கொடுக்க, சிம் போடும் 4ஜி ரவுட்டர் வாங்கினார்கள். அன்றிலிருந்து சுவிஸில் இருக்கும் மகனுக்குப் படம் இல்லை. பூட்டியவர் வந்து பார்த்துவிட்டு, கமரா பழசு, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று விலை சொல்லியிருக்கிறார். நான் போய் டி.வி.ஆர். செட்டிங்ஸைத் திறந்தேன். பெட்டிக்கு 192.168.1 என்று தொடங்கும் ஐபி முகவரியை, அதாவது இணைப்பில் பெட்டியை அடையாளம் காட்டும் இலக்கத்தை, கையால் அடித்து வைத்திருந்தார்கள். கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசல், என்ற இடத்திலும் பழைய ரவுட்டரின் 192.168.1.1. புது ரவுட்டரின் முகவரியோ 192.168.8.1. இல்லாத வாசலைத் தேடிக்கொண்டிருந்த பெட்டி எப்படி வெளியே போகும்? முகவரியை ரவுட்டரே கொடுக்கும்படி டி.எச்.சி.பி.யைப் போட்டுவிட்டேன். பெட்டி இணையத்துக்கு வந்துவிட்டது.

அப்போதும் மகனுக்குப் படம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பழைய முறையில், அதாவது ரவுட்டரில் போர்ட் என்ற கதவைத் திறந்துவிட்டு, வெளியிலிருந்து நேரே வீட்டுக்குள் வரும் வழியில். சிம் ரவுட்டர்களில் அந்த வழி பெரும்பாலும் நடக்காது. உலகத்தில் உள்ள பழைய வகை ஐபி முகவரிகள் எல்லாம் சேர்த்தே சுமார் 430 கோடிதான். யாருக்கும் கொடுக்காமல் மிச்சமிருந்த மத்தியக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. அதனால் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வீட்டிலிருந்து வெளியே போகும் அழைப்பு போகும். வெளியிலிருந்து வரும் அழைப்பு, யார் வீட்டுக்கு என்று தெரியாமல் நிறுவனத்தின் பக்கமே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுகம். ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியையும் ஒத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அதுவும் ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், போர்ட் திறந்து பயனில்லை.

அந்த வீட்டில், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கியூஆர் கோட்டை மகனின் செயலியில் சேர்த்ததும் படம் வந்தது. இந்த முறையில் பெட்டியே வெளியே போய்த் தன் நிறுவனத்தின் சேர்வரில் பதிந்துகொள்ளும், மகனின் கைபேசியும் அங்கே வரும், இரண்டையும் சேர்வர் சேர்த்துவிடும். புதுச் சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை.

போர்ட் திறப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. திறந்த கதவை வெளியிலிருந்து யாரும் தட்டிப் பார்க்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், கடையிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட பெயர், கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டே உலகம் முழுக்கக் கமராக்களையும் ரெக்கோர்டர்களையும் பிடித்தது. அந்த ஒக்டோபர் 21ஆம் திகதி அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி இணையத் தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. இன்றைக்கும் ‘அட்மின்’ என்ற பெயரும் 12345 என்ற கடவுச்சொல்லுமாக விட்டுவிட்டுப் போன பெட்டிகள் என் மேசைக்கு வருகின்றன.

சிலருக்குப் படம் வரும், ஆனால் விட்டு விட்டு வரும். அங்கே குறை அப்லோடில் இருக்கும். விளம்பரத்தில் போடும் வேகம் டவுன்லோட் வேகம், கமராவுக்கு வேண்டியதோ வீட்டிலிருந்து வெளியே போகும் வேகம். பழைய செம்புக் கம்பி லைனில் அது செக்கனுக்கு ஒரு மெகாபிட்டைத் தாண்டுவதே கஷ்டம். முழுத் தெளிவான 1080 படத்துக்கு ஒரு கமராவுக்கே இரண்டு முதல் நாலு மெகாபிட் வேண்டும். நாலு கமராவை ஒரே திரையில் திறந்தால் நிற்கத்தான் செய்யும். செட்டிங்ஸில் ‘சப் ஸ்ட்ரீம்’ என்று, அதே படத்தைச் சிறிதாக்கி அனுப்பும் வழி ஒன்று இருக்கிறது. அதை 640க்கு 360 அளவில், அரை மெகாபிட்டில் வைத்து, கைபேசியில் அதையே பார்க்கச் சொல்லுங்கள். ரெக்கோர்டிங் முழுத் தெளிவிலேயே இருக்கும். டேட்டாவும் மிஞ்சும்: நாலு மெகாபிட்டில் ஒரு மணிநேரம் பார்த்தால் 1.8 ஜிகாபைட் போகும், அரை மெகாபிட்டில் சுமார் 225 மெகாபைட்தான்.

கடற்கரைப் பக்க வீடுகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ரி.வி.யிலேயே படம் கோடு கோடாக வந்தால் இணையத்தைக் குறை சொல்லாதீர்கள், வெளியே இருக்கும் இணைப்பைப் பாருங்கள். அண்மையில் ஒரு வீட்டில் கூரை விளிம்புக்குக் கீழே, பெட்டிக்குள் வைக்காமல் கறுப்பு டேப் மட்டும் சுற்றித் தொங்கவிட்ட இணைப்பைக் கழற்றினேன். டேப்புக்குள் பச்சைப் பொடி. நடுவில் இருந்த ஊசி கைபட்டதும் முறிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. வாடை தொடங்கினால் இங்கே மழையும் உப்பும் ஒன்றாகத்தான் அடிக்கும். தண்ணீர் புகாத சின்னப் பிளாஸ்டிக் பெட்டி என்ன பெரிய விலையா?

கரண்ட் போனாலும் ‘ஓஃப்லைன்’ என்றுதான் வரும். 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். ரவுட்டருக்கும் பெட்டிக்கும் கமராக்களுக்கும் போதுமான, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டும் 12 வோல்ட் யுபிஎஸ் வைத்துவிட்டால், குறுகிய மின்வெட்டுக்குப் பிள்ளைகள் பதறத் தேவையில்லை.

பூட்டுகிற தம்பிமாரிடம் நான் கேட்பது இதுதான். வேலை முடிந்ததும் வீட்டு வைஃபையில் படத்தைக் காட்டிவிட்டுக் காசு வாங்காதீர்கள். அங்கே செயலி வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பிடித்துவிடலாம், வெளியே வேலை செய்யும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து காட்டுங்கள். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு அழைத்து, அங்கே தெரிகிறதா என்று கேளுங்கள்.

கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறக்காதீர்கள். அப்படித் திறந்துவிட்டால் வீட்டுக்காரர் கைபேசி மாற்றும்போது, ‘இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது’ என்று செயலி மறுத்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், ஒரு தாய் தன் விறாந்தையில் படுத்திருப்பதை முன்பின் தெரியாத ஒருவர் தன் கைபேசியில் எந்த நேரமும் பார்க்கலாம் என்று ஆகிவிடும். அது எவ்வளவு பாரதூரமானது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, பூட்டுபவருக்குத் தெரியும். பெயர், கடவுச்சொல், பெட்டியின் இலக்கம் மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

சேவை நிறுவனங்களும் ரவுட்டரை விற்கும்போதே, பொது முகவரி கிடைக்குமா கிடைக்காதா என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

வீட்டுக்காரர்களே, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்வரை மிச்சக் காசைக் கையில் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ, ரி.வி. திருத்துநர்,
உப்புவெளி, திருகோணமலை.